கை படாத டீ

வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் சிதம்பரத்தைப் பார்த்துத் திரும்ப நடந்துகொண்டிருந்தேன். என்னை இறக்கிவிட்ட பஸ் கடலூர்ப் பக்கம் போய் மறைந்துவிட்டது. அது போன திசையில்தான் என் முதலாளி, என் பாய், மாற்று வேட்டி எல்லாம் இருந்தன. பிற்பகல் மூன்று மணி வெயில். தோளில் சாம்பிள் பை. சிதம்பரம் போகும் பஸ்கள் பின்னால் வந்து என்னைத் தாண்டிப் போயின. கையைக் காட்டியிருந்தால் ஏறியிருக்கலாம். பஸ்ஸில் போனால் இருபது நிமிடம். இருபது நிமிடத்தில் என்னால் ஒரு முடிவுக்கு வர முடியாது என்று தெரிந்ததால் நடந்தேன்.

டீ வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பது ஒரே கேள்விதான். உதிரி டீ உசத்தியா, டீ பேக் உசத்தியா? இத்தனை வருடம் கோப்பை கோப்பையாகக் குடித்துத் துப்பியவன் ஒரு வரியில் பதில் சொல்வான் என்று எதிர்பார்க்கிறீர்கள். ஒரு வரியில் பதில் சொல்லித்தான் ஒரு மனுஷனுடைய வேலையைக் கெடுத்தேன். அதனால் அந்த நாளையே சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். பண்ருட்டியில் முந்திரி உடைத்தேன். திட்டக்குடிப் பக்கம் கரும்பு வெட்டினேன். லாரியில் கிளீனராகப் போனேன். ஓரிடத்தில் இரண்டு வருடம் தாண்டினால் எனக்குக் கால் அரிக்கும். இரண்டாயிரத்து ஆறில் கடலூர் பழைய டவுனில் ஒரு டீ வியாபாரியிடம் மூட்டை இறக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் இரண்டு மூட்டைகளை மாற்றி அடுக்கியிருந்ததை வாசனையை வைத்தே சொன்னேன். முதலாளி என்னை மூட்டையிலிருந்து எடுத்து லைனுக்கு அனுப்பினார். ஊர் ஊராகப் போய் டீக்கடை, ஓட்டல், லாட்ஜ் என்று ஆர்டர் பிடிப்பதைத்தான் லைன் என்போம். ராத்திரி குடோனிலேயே படுத்துக்கொள்வேன். 'மூக்கு' என்று எனக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

சிதம்பரத்தில் கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சைவ லாட்ஜ் என் லைனில் இருந்தது. கிச்சனில் டீ போடுகிறவர் ஆரோக்கியம். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். கடலோரத்துக் கிறிஸ்தவக் குடும்பம். மனைவியின் வீட்டாரோடு புவனகிரியில் குடியிருந்தார். வயது கிட்டத்தட்ட என் வயதுதான். என்னை 'மச்சான்' என்பார். நாங்கள் கொடுத்த உதிரி டீயை அவர் மூடி இறுகிய தகர டின்னில் வைத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் எடுத்து முடித்ததும் மூடியை முழங்கையால் ஒரு குத்துக் குத்தி மூடுவார்.

இரண்டாயிரத்து எட்டில் அந்த லாட்ஜ் மேனேஜர், ரூமிலேயே டீ பேக் வைத்துவிட்டால் என்ன என்று கேட்டார். ஒப்பிட்டுக் காட்டச் சொன்னார். கிச்சன் மேடையில் இரண்டு கண்ணாடிக் கோப்பை வைத்தேன். ஒன்றில் உதிரி இலை, இன்னொன்றில் பேக். ஒரே கொதி தண்ணீர். பேக்கில் இருப்பது தூளும் குருணையும்தான், அதனால் ஊற்றியவுடனே கறுத்தது. இலை அவசரப்படவில்லை. மெதுவாக விரிந்தது, நிறம் பிறகுதான் இறங்கியது. குடித்துப் பார்த்தால் பேக்கில் நிறம் முந்தியது, ருசி பிந்தியது. இலையில் துவர்ப்புக்குப் பின்னால் ஒரு இனிப்பு தொண்டையில் நின்றது. இலைதான் நல்ல டீ. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அன்று காலை முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். "டீ பேக் பொட்டியெல்லாம் மழைக்கு முன்னாடி வந்தது. அப்பிடியே கெடக்குது. இந்த வாட்டி அதத் தள்ளு."

"எதுய்யா நல்லது?" என்றார் மேனேஜர்.

"ருசி எலையிலதான் கொஞ்சம் ஜாஸ்தி சார். ஆனா பேக்குதான் கை படாத டீ."

அந்த வார்த்தை எங்கிருந்து என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. வந்தவுடனே அது வேலை செய்ததைப் பார்த்தேன். கோவிலுக்கு வருகிறவர்களில் அடுத்தவர் கை பட்டதைக் குடிக்கத் தயங்குகிறவர்கள் உண்டு. மேனேஜருக்கு அது தெரியும். "கை படாத டீ" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். உடனே இருபது பெட்டி சொன்னார்.

மாஸ்டர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "அப்ப நான் இத்தினி நாளா கால்லயா போட்டேன், மச்சான்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

அதிலிருந்து ரூமுக்கு டீ பேக் போனது. வெந்நீரும் பாலும் மட்டும் மாஸ்டர் பிளாஸ்கில் ஊற்றி அனுப்புவார். அந்த வார்த்தையை நான் அப்புறம் எல்லா ஓட்டலிலும் சொன்னேன். நன்றாக விற்றது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை வழக்கம்போல அந்த லாட்ஜுக்குப் போனேன். வரவேற்பில் ஆள் இல்லை. எல்லோரும் கிச்சனில் நின்றார்கள். மேற்கேயிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பெரியவர் ரூமில் டீயை ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டாராம். டீயில் மீன் வாடை. சைவ லாட்ஜில் மீன் வாடை. சத்தம் போட்டு, மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு லாட்ஜுக்குப் போய்விட்டார்கள். மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் அன்று பயந்துபோயிருந்தார். ஓனர் மதியம் வருவதாக இருந்தது.

"வாய்யா, சரியான நேரத்துல வந்த. நீதான் மூக்குக்காரன். சொல்லு."

மேடையில் பிளாஸ்குகளை வரிசையாகத் திறந்து வைத்திருந்தார்கள். மாஸ்டர் அடுப்புப் பக்கம் நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு தெம்பு வந்தது.

"வாடை அந்த டீ பேக் பொட்டியிலதான் இருக்கு சார். நான் அப்பவே சொல்றேன். மச்சான், நீயே மோந்து பாத்துச் சொல்லு" என்றார்.

நான் ஒரு பெட்டியைப் பிரித்து, ஒரு பேக்கின் காகித உறையைக் கிழித்து மூக்கருகே வைத்தேன். டீ வாசனைதான் வந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. பாலை மோந்தேன், பிளாஸ்கை மோந்தேன். ஒன்றும் இல்லை. எனக்கு ஒளிக்க எதுவும் இல்லை. எனக்கு அதில் வாடையே தெரியவில்லை.

"பேக்ல ஒன்னும் இல்லையே சார்."

"நல்லாப் பாரு மச்சான்" என்றார் மாஸ்டர்.

"பாத்துட்டேன் மாஸ்டர். சுத்தமா இருக்கு."

மேனேஜர் நான் பிரித்த பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "பேக்தான் கை படாததாச்சே. அப்ப கை பட்டது எது?" என்றார். யாரைப் பார்த்தும் கேட்கவில்லை. "ஆரோக்கியம், கையக் காட்டு."

மாஸ்டர் இரண்டு கையையும் நீட்டினார். மேனேஜர் மூக்குப்பொடி போடுகிறவர், அவருடைய மூக்கை அவரே நம்பமாட்டார். என்னைப் பார்த்தார். நான் குனிந்து அந்தக் கைகளை மோந்து பார்த்தேன். இதைச் சொல்லும்போது இன்னமும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சோப்பும் பாலும்தான் வாசமடித்தது.

"தெரியல சார். ஆனா பேக்ல ஒன்னும் இல்ல."

அந்த 'ஆனா' போதுமானதாக இருந்தது.

"டூட்டிக்கு வர்ற நாள்ல நான் மீனத் தொடறதில்ல சார்" என்றார் மாஸ்டர். "எம் பொண்டாட்டியக் கேளுங்க."

"யாரையும் கேக்க வாணாம். நாளையிலேர்ந்து நீ வர வாணாம்."

மாஸ்டர் தோளிலிருந்த துண்டை எடுத்து நான்காய் மடித்து மேடையில் வைத்தார். என்னை ஒருமுறை பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போய்விட்டார்.

மத்தியானம் கடலூர் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் மடியில் பூக்கூடை வைத்த ஒரு அம்மா உட்கார்ந்தார். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னாங்க, பையில கருவாடா? பூ இருக்குது, பாத்துக்கினு ஒக்காரக் கூடாதா?"

"கருவாடு இல்லம்மா. டீ."

"யாருகிட்ட சொல்றீங்க? டீயாம்!"

முன் சீட்டில் யாரோ சிரித்தார்கள். கண்டக்டர் திரும்பி, "கடலூர்க்காரங்க டீக்கு பிஸ்கட்டு தொட்டுக்க மாட்டாங்கம்மா, கருவாடுதான்" என்றார். பஸ்ஸே சிரித்தது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பையைத் திறந்து பெட்டியைக் காட்டி, ஒரு பேக்கை எடுத்து அந்த அம்மா கையில் கொடுத்தேன். முகத்துக்குக் கொண்டுபோனவர் பாதியிலேயே கையை நீட்டித் தள்ளி வைத்தார். "அய்ய!" பின்சீட்டுப் பெரியவர் வாங்கி மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அவர் சொல்லாததுதான் எனக்கு உறைத்தது.

சுனாமிக்குப் பிறகு கடலோரக் கொட்டகையை இழந்த கருவாட்டு வியாபாரிகள் சிலர் எங்கள் குடோன் வரிசைக்கு வந்திருந்தார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். உதிரி டீ உள்ளே ஈயத்தாள் வைத்த மூட்டையில் வரும், வந்த வாரமே போய்விடும். டீ பேக் அப்படியில்லை. மெல்லிய காகித உறை, அதற்கு மேல் அட்டைப்பெட்டி. மழைக்காலம் முழுக்க அந்தச் சுவரை ஒட்டி ஈரத்தில் அடுக்கிக் கிடந்தது. டீ மாதிரி வாசனையைக் குடிக்கிற பொருள் வேறு இல்லை. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் தலை வைத்து இரண்டு வருடம் நானும் படுத்திருந்தேன். பெட்டியில் ஏறிய வாடை என் மூக்கிலும் ஏறியிருந்தது. கருவாடு எனக்கு ஒரு வாடையே இல்லை, அது வெறும் காற்று.

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

பாலத்தின் மேல் நடந்தபோது என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் ஏதோ பெரிய ஆள் என்று நினைத்துக்கொள்வீர்கள். அடுத்த லைனில் வந்து அந்தப் பெட்டிகளைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். யாருக்கும் தெரியாது. முதலாளிக்கு நஷ்டமில்லை, எனக்கு வேலை இருக்கும். மாஸ்டர் கெட்டிக்காரர், வேறு கிச்சன் கிடைக்காதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கிடைக்காது. கோவிலைச் சுற்றி இருப்பதெல்லாம் சைவக் கிச்சன். 'மீன் கொண்டுவந்து துரத்தப்பட்டவன்' என்ற பேச்சு சாயங்காலத்துக்குள் எல்லா அடுப்புக்கும் போய்விடும். அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். எனக்கு அப்படியில்லை. எனக்கு முந்திரி தெரியும், கரும்பு தெரியும். இந்தக் கணக்கைப் போட்டபோது ஊர் எல்லை வந்துவிட்டது.

மேனேஜர் என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டார். சொன்னதும் கோபப்பட்டார்.

"காலையில இல்லன்ன. இப்ப இருக்குன்ற. ஒம் மூக்க நான் எப்பிடிய்யா நம்பறது?"

"நம்பாதீங்க சார். என் மூக்கும் வாணாம், பொடி போடற உங்க மூக்கும் வாணாம். வேற ஆளக் கூப்புடுங்க."

நாலு கோப்பை வைத்தோம். இரண்டில் மாஸ்டரின் டின்னிலிருந்த இலை, இரண்டில் பேக். ஒரே பிளாஸ்க் வெந்நீர், ஒரே பால். இலையை வடிகட்டி, பேக்கை எடுத்துவிட்டோம். எது எது என்று தெரியாமலிருக்க நான் வெளியே போனதும் மேனேஜர் கோப்பைகளை இடம் மாற்றி வைத்தார். ரூம் பெருக்கும் தனம் வாசலில் துடைப்பத்தோடு நின்றார். திட்டக்குடிப் பக்கத்துக்காரர். கடலையே பார்த்ததில்லை என்பார்.

"நானா சார்?" என்றார்.

"மோந்து மட்டும் சொல்லு."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். நாலையும் மோந்தார். "இதும் இதும் நல்லாருக்கு. இதும் இதும்... சார், சொன்னா வேலைய உட்டுத் தூக்க மாட்டீங்களே?"

"சொல்லு தனம்."

"கருவாட்டுச் சட்டி கழுவுன தண்ணி."

தவறாமல் இரண்டு பேக் கோப்பையையும் காட்டியிருந்தார். பிறகு, "முந்தாநேத்து ரூமுல குப்ப அள்ளும்போதே நெனச்சேன். யாரு கேட்டாங்க?" என்றபடி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் முதலில் ஒப்பிட்டதும் சரி, தனம் ஒப்பிட்டதும் சரி, இலைதான் ஜெயித்தது. ஆனால் அந்தப் பேக்குகளை வேறு குடோனில் வைத்திருந்தால் அவை மோசமான டீ இல்லை. அந்த இலையை அந்தச் சுவரோரம் திறந்து வைத்திருந்தால் அதுவும் கருவாடுதான். டீயை ருசி பார்க்கும் முன் அது எங்கே படுத்திருந்தது என்று கேளுங்கள். அதே கேள்வியை உங்கள் மூக்கையும் கேளுங்கள். உங்களுக்கு வாடை தெரியவில்லை என்றால் வாடை இல்லை என்று சொல்லாதீர்கள். 'எனக்குத் தெரியவில்லை' என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷனுடைய சோறு கிடக்கலாம்.

மேனேஜர் என் முதலாளிக்குப் போன் போட்டார். பேசி முடித்து என்னிடம் கொடுத்தார்.

"ஒன்ன டீ விக்க அனுப்புனேன். என் மானத்த விக்கச் சொன்னனா?" என்றார் முதலாளி. "இந்தப் பக்கம் வராத. ஒன் பாயக் கொடுத்து அனுப்பறேன்."

பாய் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

"போயி நீயே ஆரோக்கியத்தக் கூட்டிக்கினு வா" என்று மேனேஜர் சொன்னார். வெயில் தாழ்ந்த நேரத்தில் புவனகிரி போனேன். மாஸ்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சுவர், கருவாடு, பஸ், தனம் எல்லாம்.

"நான்தான் காலையிலயே சொன்னேனே" என்றார் கடைசியில்.

"சொன்னீங்க மாஸ்டர்."

"ஒன் மூக்குக்குத் தெரியல. அது சரி. அத நான் தப்புன்னு சொல்லல." தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "ஆனா கைய மோந்து பாத்தியே. எட்டுப் பேரு நிக்கும்போது. அத எப்பிடித் திருப்பி எடுப்ப?"



உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "இவுங்க கூப்புட்டா ஒடனே போயிடணுமா? நமக்கு மானம் இல்லையா?"

"மானத்துக்குத்தான் போறேன். இப்பிடியே உட்டா அந்தப் பேச்சு அப்பிடியே நின்னுபோவும்" என்றார் அவர். பிறகு என்னிடம், "வரேன். ஆனா அதே எடத்துல, அதே ஆளுங்க நிக்கும்போது, நீ வாயத் தொறந்து சொல்லணும். மேனேஜர் சொன்னா ஆவாது."

"சொல்றேன் மாஸ்டர்."

இப்போது அவர் என்னை மச்சான் என்று சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. புவனகிரி பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொண்டேன்.

காலை ஆறு மணிக்குக் கிச்சனில் எல்லோரும் நின்றார்கள். மேனேஜர், சமையல்காரர்கள், வாட்ச்மேன், தனம். மாஸ்டர் வந்து அடுப்புப் பக்கம் நேற்று நின்ற இடத்திலேயே நின்றார். நான் சொன்னேன். வாடை நான் விற்ற பெட்டியில்தான் இருந்தது, கையில் இல்லை, கையை மோந்து பார்த்தது என் தப்பு என்று சொன்னேன். நாலு வரிதான். துப்பிவிட்டுப் போன அந்தப் பெரியவருக்கு மட்டும் இதைச் சொல்ல முடியவில்லை. அவர் ஊருக்குப் போய் என்ன சொல்லியிருப்பார் என்று யாருக்குத் தெரியும்.

மாஸ்டர் மேடையில் மடித்து வைத்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பால் சட்டியை அடுப்பில் வைத்தார். கூட்டம் கலைந்தது. நான் வாசல் பக்கம் நகர்ந்தபோது மேனேஜர், "அடுத்து எங்கய்யா போவ?" என்று கேட்டார்.

"தெரியல சார்."

"பாத்திரம் தேய்க்கற ஆள் ஊருக்குப் போயிருக்கான். மாஸ்டர் சரின்னா இரு."

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் பாலைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. பால் பொங்கி வந்தது, தணித்தார். அப்புறம் மேடையில் இருந்த பிளாஸ்குகளில் ஒன்றை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"புளி போட்டுக் கழுவு. எல்லாத்தையும்."

வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். புளியும் சாம்பலும் போட்டு முதல் பிளாஸ்கைக் கழுவிக் கவிழ்த்தேன். பழக்கத்தில் அதை நிமிர்த்தி மூக்கருகே கொண்டுபோனேன்.

"அதான் வாணாங்கறேன்" என்று உள்ளேயிருந்து மாஸ்டரின் குரல் வந்தது. "கழுவறதோட நிறுத்திக்க. தனத்துக்கிட்ட குடு, அது மோந்து பாத்துச் சொல்லட்டும்."

தனம் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினார். கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

"பால் வாடை போகல. இன்னொரு வாட்டி கழுவுங்க" என்றார்.